செருப்பு மாட்டும்போது வருகிற கேள்வி

"தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் போட்டாச்சு சயாமா" என்றார் அந்தப் பெண். பர்மாவில் எங்கள் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், 'டீச்சரம்மா' என்கிற மாதிரி. மடியில் 4 மாதக் குழந்தை. அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். 5 மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இடுப்பில் அதே குழந்தை, வயிற்றில் இன்னொன்று.

அவர் பொய் சொல்லவில்லை. முழுகாமல் இருந்தபோது போட்ட டெட்டனஸ் ஊசி இரண்டைத்தான் சொன்னார். நான் கேட்க நினைத்தது 3 மாதக் கருத்தடை ஊசியைப் பற்றி. பிள்ளை உண்டாகாமல் தடுக்கிற ஊசி என்ற நினைப்பில் வாயில் வந்த சொல்லைப் போட்டுவிட்டேன். அவரோ தமிழில் எல்லோரும் புரிந்துகொள்கிற மாதிரியே புரிந்துகொண்டார். பர்மிய மொழியில் கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. நோய்க்குப் போடுவது 'காக்வே ஸே', பிள்ளையைத் தள்ளிப்போடுவது 'தா ஸே'. இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழில் பேசினால் அவருக்கு மனம் திறக்கும் என்று நினைத்துத் தமிழில் கேட்டேன், அங்கேயே தவறினேன்.

"பால் கொடுக்கிறேனே, அதனால ஆகாதுன்னு இருந்தேன்" என்றும் சொன்னார். அதில் பாதி உண்மை உண்டு. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், தாய்க்கு இன்னும் மாதவிலக்கு வராமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பாலூட்டுவது பாதுகாப்பு. அவர் மூன்றாம் மாதமே கஞ்சித் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்திருந்தார். அதையும் நான் கேட்கவில்லை.

இந்த நாட்டில் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவுப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பு செய்யலாம். அதனால் எங்களிடம் வருகிற பெண்ணுக்கு முன்கூட்டியே சரியாகச் சொல்வதுதான் நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. பின்னால் வந்தால் எங்கள் கையில் அதிகம் இல்லை. சிலர் வேறு எங்கோ போய் என்னென்னவோ செய்துகொண்டு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இந்தப் பெண் அப்படிப் போகவில்லை. பிள்ளையைப் பெற்றார், வளர்க்கிறார். என்னைக் குறை சொன்னதே இல்லை. அவர் குறை சொல்லாததாலேயே அந்த அட்டையை என்னால் மறக்க முடியவில்லை.

ரங்கூனில் ஒரு தனியார் கிளினிக்கில் 2006 முதல் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். தாமுவே, திங்கஞ்சூன் பக்கத்திலிருந்தும், ஆற்றைத் தாண்டித் தன்லின் பக்கக் கிராமங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் வருகிறார்கள். என் தலைமுறையில் பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். சின்னப் பெண்கள் பாதிக்குமேல் பர்மிய மொழியிலேயே பேசுகிறார்கள். ஆனால் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் தாழ்ந்து தமிழ் வரும். தீட்டு, தூரம், வயிற்றில் தங்கினது, கலைஞ்சது எல்லாம் தமிழில்தான். மருந்தின் பெயரெல்லாம் பர்மிய மொழியில். இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துபோகிறதைப் பொறுக்கி எடுப்பதுதான் என் வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

'குடும்பக் கட்டுப்பாடு' என்று நான் இப்போதெல்லாம் சொல்வதே இல்லை. நம் ஜனங்கள் காதில் அது ஆபரேஷன் என்று விழுகிறது. "ஆபரேஷன் எல்லாம் வேண்டாம் சயாமா, நான் கூடை தூக்கி வியாபாரம் பண்றவ" என்று எழுந்து போனவர்கள் உண்டு. உண்மையில் இங்கே பெண்ணுக்கு ஆபரேஷன் செய்ய மருத்துவக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும், யாரும் பிடித்து வைத்துச் செய்துவிட முடியாது. ஆனால் அதைச் சொல்வதற்குள் அவர் படி இறங்கியிருப்பார். 'கருத்தடை' எழுத்தில் சரிதான். வயதான அம்மாக்கள் காதில் 'கரு' என்று விழுந்ததும் நினைப்பு கலைப்புக்குப் போய்விடுகிறது. அதனால் "அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுறது" என்று சொல்லித் தொடங்குகிறேன். பர்மிய மொழியிலும் அதுதான் சொல், 'தா செட் ச்சா'. ஜனத்தொகை பெருக வேண்டும் என்று அரசாங்கம் நினைத்த காலம் ஒன்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில்தான் அரசு சுகாதாரத் துறை இந்தச் சேவைக்குள் வந்தது, வந்தபோதும் குறைப்பது என்று சொல்லாமல் இடைவெளி என்று சொன்னது. அதற்கு முந்தைய காலத்தில் என் அம்மா, எல்லை வழியாக வந்த மாத்திரையைப் பஜாரில் ஒரு தையல்காரம்மாவிடம் காகிதத்தில் சுற்றி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. நாங்கள் 6 பிள்ளைகள்.

பயிற்சியில் எங்களுக்கு 'கேதர்' என்று ஆறு படிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். வரவேற்பது, கேட்பது, சொல்வது, முடிவெடுக்க உதவுவது, விளக்குவது, திரும்ப வரச் சொல்வது. நல்ல முறை, இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறேன். முதல் சில வருடங்களில் ஆறையும் ஒழுங்காக முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்தேன். வருகிற பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். "புரியுதா?" என்றால் "புரியுது சயாமா." "சந்தேகம் உண்டா?" என்றால் "இல்லை சயாமா." பிறகு எழுந்து வாசலுக்குப் போவார். எங்கள் கிளினிக்கில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்பார். அவர் கேட்க வந்ததே அதுதான்.

ஒரு பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லா முறைகளையும் கேட்டு மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்து, 28 மாத்திரையில் முதல் 21 மருந்து, கடைசி 7 பழுப்பு நிறத்தில் இரும்புச் சத்து, ஒன்று முடிந்தால் மறுநாளே அடுத்த பட்டை என்று விளக்கி அனுப்பினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "மாமியார் பார்த்துட்டு இது என்ன மாத்திரைன்னு கேட்டா என்ன சொல்றது சயாமா?"

அவர்கள் வீடு ஒரே அறை. அவருக்கென்று ஒரு டப்பாகூட இல்லை. தினம் ஒரு மாத்திரையை அங்கே யாருக்கும் தெரியாமல் சாப்பிட முடியாது. திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு ஊசி போட்டு அனுப்பினோம். அந்தக் கேள்வியை அவர் விழுங்கியிருந்தால் மாத்திரை கூரை இடுக்கில் கிடந்திருக்கும், அட்டையில் மட்டும் 'மாத்திரை' என்று இருந்திருக்கும்.

அதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். படம் போட்ட அட்டைகளை உடனே எடுப்பதில்லை. அடுத்த பிள்ளை எப்போது வேண்டும் என்று கேட்கிறேன், வேண்டுமா என்று கேட்பதில்லை. வீட்டில் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்கிறேன். அப்புறம், "பக்கத்து வீட்டு அக்கா ஊசி போட்டு என்ன ஆச்சு?" என்று கேட்கிறேன். இந்த மூன்றாவது கேள்வி மிகவும் உதவுகிறது. தன் பயத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரி பேரில் சொல்லிவிடுவார்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாம், கையில் வைக்கிற கருத்தடைக் குச்சி எலும்பில் ஒட்டிக்கொள்ளுமாம். இப்படி வரும்போது சிரிக்கவும் கூடாது, உடனே மறுக்கவும் கூடாது. கர்ப்பப்பை மேல்பக்கம் மூடின பை, அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது என்று ஒரு சுருக்குப் பையை வைத்துக் காட்டுகிறேன். குச்சி தோலுக்கு அடியில்தான் இருக்கும், விரலால் தடவினால் தெரியும் என்று, ஏற்கெனவே வைத்துக்கொண்ட எங்கள் உதவியாளப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவரே விரும்பிக் கையை நீட்டுவார்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஊசிதான். நாடு முழுக்கவும் அப்படித்தான். 2015-16இல் எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் மணமான பெண்களில் 52 சதவீதம் பேர் ஏதாவது ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 28 சதவீதம், மாத்திரை சாப்பிட்டவர்கள் 14 சதவீதம். ஊசி நல்ல முறைதான். பிள்ளை பெற்று 6 வாரம் கழித்துப் பால் கொடுக்கிறவர்களும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஊசியைப் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான். தூரம் நின்றுபோச்சு, பயமாயிருந்தது.

முதல் ஊசிகளில் கண்ட நேரத்தில் சொட்டுச் சொட்டாகப் படும். ஒரு வருடம் போட்டபின் பாதிப் பேருக்கு அருகில் மாதவிலக்கு நின்றேபோகும். இதை முன்னால் சொன்னால் அது செய்தி, பின்னால் சொன்னால் சமாதானம். நம் பெண்களுக்கும் பர்மியப் பெண்களுக்கும் இதில் ஒரே பயம்தான், கெட்ட ரத்தம் உள்ளே தங்கித் தலைக்கு ஏறும் என்று. உடனே கடைக்குப் போய் 'த்வே ஸே' வாங்கிக் குடிக்கிறார்கள், ரத்தத்தை இறக்குகிற நாட்டு மருந்து. குடித்தும் வராவிட்டால் பயம் இரட்டிப்பாகிறது.

நான் சொல்வது இப்படி. விருந்தாளி வருவார் என்று ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பை உள்ளே பாய் விரிக்கிறது. விருந்தாளி வரவில்லை என்றால் பாயைச் சுருட்டி வெளியே போடுகிறது, அதுதான் தூரம். ஊசி போட்டால் பாயே விரிப்பதில்லை. விரிக்காத பாயை எப்படி வெளியே போடுவது? உள்ளே எதுவும் தங்கவில்லை. இதைச் சொன்னதும் பல பெண்களின் தோள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதான அம்மா "அப்ப பாய்க்காரன் லீவுல போயிட்டான்" என்றார், அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இன்னும் சில விஷயங்களை நான் எப்போதும் சொல்கிறேன். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது, ஒத்தடமும் வேண்டாம். தேய்த்தால் மருந்து வேகமாகக் கரையும். வருடத்துக்கு 1, 2 கிலோ எடை கூடலாம். பிள்ளை வேண்டும் என்று ஊசியை நிறுத்தினால் உடனே தங்காது, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம்போல் ஆகும். இதைச் சொல்லாமல் விட்ட ஒரு புது மருமகளுக்கு வீட்டில் மலடி என்று பேர் வைக்கப் பார்த்தார்கள். அடுத்த வருடமே பிள்ளை பிறந்தது, ஆனால் நடுவில் அவர் பட்டதை யாரும் திருப்பித் தர முடியாது. 'மருந்து மெதுவாகத்தான் விலகும்' என்று ஒரு வரி முதல் நாளே சொல்லியிருந்தால் போதும்.

தேதிக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஊசி 13 வாரத்துக்கு ஒரு முறை. 13 வாரம் என்றால் 91 நாள், அதே கிழமையில் வந்து நிற்கும். தேதி மறப்பவர்கள் கிழமையை மறக்க மாட்டார்கள், இந்த ஊரில் பிறந்த கிழமைக்கு இருக்கிற மரியாதை அப்படி. "செவ்வாய்க்கிழமை போட்டீங்க, தீபாவளி முடிஞ்சு ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வாங்க" என்றால் வந்துவிடுகிறார்கள். 2 வாரம் முன்னால் வந்தாலும் போடலாம். தாமதமானாலும் 4 வாரம் வரை போடலாம். பிந்தி வந்தவரைத் திட்டினால் அடுத்த முறை பிந்தியும் வர மாட்டார்.

நான் செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். தன்லின் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் கையில் குச்சி வைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து வந்து எடுத்துவிடச் சொன்னார். "ஏன்?" என்றால் "சொட்டுது" என்றார். முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், உடம்புக்குக் கெடுதல் இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று அனுப்பினேன். 3 வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். நல்ல முறை, 1,000 பேர் வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் ஒருவருக்குத்தான் தவறும், அதை விட்டுவிடுவாரே என்ற கவலை எனக்கு. மூன்றாம் முறை அவர் வரவில்லை. வேறு எங்கோ போய் எடுத்துவிட்டார் என்று அவருடைய நாத்தனார் சொல்லித்தான் தெரிந்தது. காரணமும் அவர்தான் சொன்னார். ஊர் அம்மன் கோவிலில் தீமிதி நேர்ந்திருந்தார். மூத்த பையன் காய்ச்சலில் கிடந்தபோது வைத்த வேண்டுதல். விரதம் இருக்க வேண்டும், ஒரு சொட்டுப் பட்டாலும் தீட்டு, காப்பு அவிழ்க்க வேண்டியதாகிவிடும்.

அவரிடம் 'உடம்புக்குக் கெடுதல் இல்லை' என்று நான் சொன்னது உண்மைதான். அவர் கேட்டது உடம்பைப் பற்றி அல்ல. "இந்தச் சொட்டு உங்களுக்கு எதைச் செய்ய விடாம பண்ணுது?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் வழியும் இருந்தது. ரத்த அழுத்தமும் மற்றதும் சரியாக இருந்தால், குச்சி வைத்திருக்கிறவருக்கே 21 நாள் மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை அடக்க மருத்துவரால் முடியும். இல்லையென்றால், எடுத்துவிடு என்று அவர் முதல் நாள் சொன்னதும் எடுத்திருக்க வேண்டும். வைப்பது எவ்வளவு அவருடைய விருப்பமோ எடுப்பதும் அவ்வளவே. எடுக்க மறுக்கிற இடம் என்று ஒரு பேச்சு கிராமத்துக்குள் போனால் அங்கே யாரும் வைத்துக்கொள்ள வர மாட்டார்கள். அந்தக் கிராமத்திலிருந்து 2 வருடம் ஒருவரும் குச்சி கேட்டு வரவில்லை.

அதற்குப் பிறகு தீட்டைப் பற்றி நானே முதலில் பேசிவிடுகிறேன். வேண்டுதல் உண்டா, விரதம் உண்டா, வீட்டில் தூரமானால் தனியாக உட்கார வைப்பார்களா என்று கேட்கிறேன். அப்படி வைக்கிற வீட்டில், மாதம் 15 நாள் சொட்டினால் அந்தப் பெண்ணால் சமையலறைக்குள் போக முடியாது. அவருக்குக் காப்பர் டி பொருந்தலாம். அதில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் படலாம், வயிற்று வலியும் முதல் சில மாதம் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மாதம் ஒரு முறையோடு நிற்கும். 10 வருடத்துக்கு மேல் இருக்கும். தீட்டுப் பார்ப்பது சரியா தவறா என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. அந்த அறையில் அதைச் சொல்வதில்லை. அவர் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஒரு பெண்ணின் கணவர் மலேசியாவில் வேலை, வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். தேதி தாண்டியும் வராததால் எங்கள் உதவியாளப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பி ஞாபகப்படுத்தச் சொன்னேன். அக்கறையால் செய்தது. வாசலில் நின்றது மாமியார். "புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு எதுக்குப் பிள்ளைத் தடுப்பு?" என்ற பேச்சு தெரு முழுக்கப் போனது. அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் கிளினிக் இருக்கிற தெரு வழியாக நடப்பதே இல்லை. ஒரு முறை பஜாரில் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிவிட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டிருந்தால் பக்கத்தில் நின்றவர்களுக்கு இன்னொரு கதை கிடைத்திருக்கும், அதனால் பேசாமல் வந்துவிட்டேன்.

இப்போது அட்டையின் மூலையில் ஒரு குறி போடுகிறோம். வட்டம் என்றால் வீட்டுக்கு வரலாம். கோடு என்றால் போனில் மட்டும், அதுவும் அவரே எடுத்தால்தான் பேச வேண்டும். புள்ளி என்றால் எதுவுமே வேண்டாம், அவராக வந்தால் போதும். குறியை அவரையே போடச் சொல்கிறோம். புள்ளி போட்டவர்கள் நான் நினைத்ததைவிட நிறையப் பேர். அட்டையையே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதவர்களின் அட்டையை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இந்த நாட்டில் அடிக்கடி தவறிப்போகிறது. இங்கே காசநோய் அதிகம். அதற்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் மாத்திரை, கருத்தடை மாத்திரையின் வேலையையும் கையில் வைத்த குச்சியின் வேலையையும் குறைத்துவிடும். வலிப்புக்குச் சாப்பிடுகிற சில மருந்துகளும் அப்படித்தான். 3 மாத ஊசிக்கும் காப்பர் டிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். காசநோயை வெளியே சொல்ல வெட்கம். "மூத்திரம் ஆரஞ்சு நிறமாப் போகிற மாத்திரை ஏதாவது உண்டா?" என்று கேட்டால் உண்டு என்பார்கள். ரிஃபாம்பிசினின் அடையாளம் அது.

2015 மே மாதம் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சுகாதாரச் சட்டம் என்று ஒன்று கையெழுத்தானது. இனம், மதம் காக்க என்று கொண்டுவந்த 4 சட்டங்களில் ஒன்று. ஒரு பகுதியை அறிவித்து, அங்கே பிள்ளைக்கும் பிள்ளைக்கும் 36 மாதம் இடைவெளி விட வைக்கலாம் என்றது. அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் பெண் வந்தார், பூர்வீகம் பரங்கிப்பேட்டைப் பக்கம். 3 வருடமாக எங்களிடம் ஊசி போட்டவர். அன்று உட்காரவே இல்லை. "அக்கா, நீங்க எங்க பேரை யாருக்காவது எழுதிக் கொடுக்கிறீங்களா?" என்று நின்றபடியே கேட்டார்.

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்தது தங்குவதற்குக் குறைந்தது 24 மாதம் விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதோடு 9 மாதத்தைக் கூட்டினால் அந்தச் சட்டத்தின் எண்ணுக்குப் பக்கத்தில்தான் வரும். தாயின் உடம்பு தேற அவ்வளவு நாள் வேண்டும் என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே எண்ணைச் சட்டம் சொன்னதும், நான் சொன்னதன் அர்த்தமும் அந்தப் பெண்ணுக்கு மாறிவிட்டது. பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்தேன். மதம், இனம் என்று ஒரு கட்டமும் இல்லை என்பதை அவரே பார்த்தார். "இன்னைக்கு ஊசி வேண்டாம்னா வேண்டாம், பிள்ளை பெத்துக்கணும்னா அதுக்கும் இங்கேயே வாங்க" என்றேன். அன்று போட்டுக்கொள்ளாமல் போனார். 2 வாரம் கழித்து வந்து போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவரவர் பக்கத்தைக் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன், கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன்.

ஆண்களோடு எனக்கு அனுபவம் குறைவு. மனைவியோடு வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே வருகிறவர்களிடம் ஒன்று கற்றேன். ஆணுறையை "உங்களுக்கு" என்று கொடுத்தால் வாங்க மாட்டார்கள். "அக்கா உடம்பு கொஞ்சம் தேறட்டும், ஊசி பிடிக்கிறவரை இது" என்றால் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். நோய்த்தொற்றைத் தடுப்பது அது ஒன்றுதான் என்பதைக் கணவனிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் சொல்கிறேன், சேர்த்து வைத்துச் சொன்னால் சந்தேகமாகிவிடுகிறது.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்குப் பிறகு எல்லாம் கடினமானது. அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவர்களும் நர்ஸ்களும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், எங்களைப் போன்ற சின்ன இடங்களில் கூட்டம் சேர்ந்தது. மருந்து சில மாதம் வரும், சில மாதம் வராது. விலையும் நிற்கவில்லை. அதுவரை நான் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். "அடுத்த தடவை ஊசி இல்லைன்னா என்ன செய்வீங்க?" மருந்து இருக்கிற நாளிலேயே இரண்டாவது வழியையும் சேர்த்துப் பேசிவிடுகிறோம். பாதை அடைபட்டால் தவறிப்போகாத முறைகளான காப்பர் டியையும் குச்சியையும் பற்றி இப்போது அதிகம் சொல்கிறேன், ஆனால் எடுக்க வேண்டும் என்றால் எங்கே போவது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன். அவசர மாத்திரையையும் மறைப்பதில்லை. 5 நாளுக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தங்கின கருவை அது கலைக்காது.

போன மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கடைசியில் பிறந்த குழந்தைக்கு ஒன்றரை வயது. அன்று ஊசி இருப்பு இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தோம், கடுமையான தலைவலி உண்டா, புகைப்பாரா என்று கேட்டோம், எல்லாம் சரியாக இருந்தது. 3 மாத்திரைப் பட்டை கொடுத்தோம். ஒன்றிரண்டு மறந்தால் ஞாபகம் வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம், மூன்றோ அதற்குமேலோ மறந்தால் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு 7 நாள் ஆணுறை என்று சொல்லி, அவரையே திருப்பிச் சொல்ல வைத்தேன். சரியாகச் சொன்னார். நானும் வழக்கம்போல வாசல் வரை கூடப் போனேன். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு தூணைப் பிடித்தார்.

"சயாமா, வீட்டுக்காரர் இதைத் தூக்கிப் போட்டுட்டா?"

மழை தூறிக்கொண்டிருந்தது. படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்தார்.